இலவசப் பாடங்களை வைத்துத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

கணிதமும் இயற்பியலும் கேட்கப்படும் ஒரு நுழைவுத் தேர்வுக்கு நான் படித்தது பெரும்பாலும் இணையத்தில் இலவசமாகக் கிடைத்ததை வைத்துத்தான். அதே வழியில் இறங்குபவர்களுக்கு எது கைகொடுக்கும், எது காலை வாரும் என்று சொல்கிறேன்.

இலவசம் என்றால் தரம் மட்டம் என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2001இல் அறிவித்த ஓப்பன்கோர்ஸ்வேர் என்ற இலவசப் பாடத் தளத்தில் பல பாடங்களுக்குப் பயிற்சிக் கணக்குகளும் பழைய தேர்வுத் தாள்களும் விடைகளோடு இருக்கின்றன. என்னைக் கேட்டால், அங்கே காணொளிகளைவிட அந்தத் தாள்கள்தான் புதையல். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012 முதல் முழுப் பாடநூல்களையே தருகிறது. துறை வல்லுநர்கள் சரிபார்த்தவை. பிழை கண்டால் நாமே தெரிவிக்கலாம்.

தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. காசு கொடுத்து ஒரு புத்தகம் வாங்கினால், அதை முடிக்காமல் இன்னொன்று வாங்க மனம் வராது. இலவசத்தில் அந்தத் தடை கிடையாது. ஓர் அத்தியாயம் கொஞ்சம் முரண்டு பிடித்தால் போதும், வேறு ஆசிரியர், வேறு காணொளி என்று தாவிவிடுவோம். கடைசியில் எல்லா ஆசிரியரிடமும் முதல் அத்தியாயம் மட்டும் படித்திருப்போம்.

தாவுவதில் இன்னொரு ஆபத்து, குறி மரபுகள்: எதற்குக் கூட்டல் குறி, எதற்குக் கழித்தல் குறி என்பது நூலுக்கு நூல் மாறும். வெப்ப இயக்கவியலின் முதல் விதியையே பாருங்கள். ஓப்பன்ஸ்டாக்ஸின் இயற்பியல் நூலில் ‘உள்ளாற்றல் மாற்றம் = வெப்பம் − வேலை’. அவர்களுடைய வேதியியல் நூலில் ‘வெப்பம் + வேலை’. இரண்டும் சரிதான்: முதலாவது அமைப்பு செய்யும் வேலையை எடுத்துக்கொள்கிறது, இரண்டாவது அமைப்பின் மீது செய்யப்படும் வேலையை. இது தெரியாமல் கலந்து படித்தால் விடையில் குறி மாறும், மதிப்பெண் போகும். அதனால் உங்கள் பாடத்திட்டம் எந்த மரபில் போகிறது என்று பார்த்து, அதற்கு ஒத்துவரும் ஒரே நூலை முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைத் திறப்பது அந்த நூல் புரியாத இடத்தில் மட்டும்.

அப்புறம், இலவசத்தில் கிடைக்காத ஒன்று, நம் விடையைத் திருத்த ஒரு ஆள். எண்ணாக வரும் விடையை நாமே ஒப்பிட்டுவிடலாம். ஒரு நிரூபணத்தில் நடுவே விட்டுப்போன படி நம் கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் மனம் அதை நிரப்பிக்கொண்டே படிக்கும். அதே தேர்வுக்குப் படிக்கும் ஒருவரோடு விடைத்தாளை மாற்றித் திருத்திக்கொள்ளுங்கள். இதற்கு ஈடாக எந்தக் காணொளியும் இல்லை.

ஆய்வுக் கட்டுரைகள் தேர்வுக்கு அவ்வளவாகத் தேவைப்படாது; செயல்திட்டம் (புராஜெக்ட்) எழுதும்போது தேவைப்படும். 1991இல் தொடங்கிய ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் அவற்றை யாரும் இலவசமாகப் படிக்கலாம். ஆனால் அங்கே உள்ளவை சக ஆய்வாளர் மதிப்பீடு, அதாவது அதே துறையின் மற்ற ஆய்வாளர்கள் சரிபார்ப்பது, முடிந்த பிறகுதான் வர வேண்டும் என்று இல்லை. இதழில் வெளிவந்ததா, கடைசியாகத் திருத்திய பதிப்பு எது என்று பார்த்துவிட்டு மேற்கோள் காட்டுங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு எதையும் சரிபார்க்காமல் வெளியிடும் போலி இதழ்களும் ‘யாரும் இலவசமாகப் படிக்கலாம்’ என்னும் திறந்த அணுக்கம் (ஓப்பன் ஆக்சஸ்) என்ற பெயரில்தான் உலவுகின்றன.

உரிமத்தையும் ஒரு பார்வை பாருங்கள். ஓப்பன்கோர்ஸ்வேர் பாடங்களைத் தரவிறக்கி வைக்கலாம், நண்பர்களுக்குக் கொடுக்கலாம். வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. முதன்மை நூலையும் பழைய தாள்களையும் முதலிலேயே தரவிறக்கிவிட்டால், படிக்கும் நேரத்தில் இணையத்தை அணைத்து வைக்கலாம்.