முதலில் படையைக் கலை, பிறகு ஓட்டுப்பெட்டியை வை

அங்கோலாவில் 1991-இல் கையெழுத்தான பிசெஸ் அமைதி ஒப்பந்தத்தில் எல்லாம் சரியாகவே எழுதியிருந்தது: அரசு, கிளர்ச்சி இரு படைகளும் முகாம்களில் கூட வேண்டும், ஆயுதம் ஒப்படைக்க வேண்டும், அப்புறம்தான் தேர்தல். 12 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த நாட்டில் இதைக் கண்காணிக்க ஐ.நா. அனுப்பியதோ வெறும் 350 ராணுவப் பார்வையாளர்கள். படைகள் பாதி கலைந்தும் கலையாமலும் இருக்க, 1992 செப்டம்பரில் வாக்குப்பதிவு நடந்துவிட்டது. தோற்ற கிளர்ச்சித் தலைவர் சவிம்பிக்குப் போருக்குத் திரும்பிப் போக ஒரு படை இருந்தது; போனார்.

அதே வாரங்களில் ரோமில், சாந்த் எஜிதியோ என்ற கத்தோலிக்க அமைப்பின் முயற்சியில், மொசாம்பிக் உள்நாட்டுப் போரை முடிக்கும் ஒப்பந்தம் முடிவாகிக்கொண்டிருந்தது (1992 அக்டோபர் 4). அங்கு ஐ.நா. பிரதிநிதியான ஆல்டோ அயெல்லோ அங்கோலாவைப் பார்த்துப் பாடம் படித்தார். ஓராண்டில் நடத்த வேண்டிய தேர்தலுக்கு இரண்டாண்டு ஆனாலும் பரவாயில்லை, படைக்கலைப்பு முடியட்டும் என்று பிடிவாதமாக நின்றார். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஐ.நா. படையினரும் இறங்கினார்கள், இந்தியப் பொறியியல் பிரிவும் அதில் உண்டு.

மொத்தம் 49 முகாம்கள்: அரசுக்கு 29, கிளர்ச்சிப் படையான ரெனமோவுக்கு 20. பெயர் பதிந்து, துப்பாக்கியைக் கொடுத்து, அடையாள அட்டை வாங்கி, வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்புதான் வினையானது. சில வாரங்களுக்கென நினைத்த முகாம்களில் மாதக்கணக்கில் அடைபட்டவர்கள், சம்பளமும் சாப்பாடும் கேட்டுக் கலகம் செய்தார்கள். வீடு திரும்பியவர்களுக்கு அரசு ஆறு மாதமும், நன்கொடை நாடுகள் மேலும் 18 மாதமும் பணம் கொடுத்தன. அதைச் சொந்த ஊருக்குப் பக்கத்து வங்கிக் கிளையில் மட்டுமே வாங்க முடியும். சின்ன ஏற்பாடுதான், ஆனால் தலைநகரில் கும்பல் சேராமல் ஆட்களைப் பிரித்தது அதுதான்.

ரெனமோவைக் கட்சியாக்கத் தனி நிதியும் இருந்தது. அதன் தலைவர் த்லகாமாவுக்கு மாதம் 3 லட்சம் டாலர். லஞ்சம் என்று முகம் சுளிக்கலாம். இன்னொரு போரின் செலவோடு ஒப்பிட்டால் மலிவு என்பேன். 1994 அக்டோபரில், வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு அவர் புறக்கணிப்பு அறிவித்தார். பேசித் திரும்ப அழைத்து வந்து, ஒரு நாள் கூடுதலாக வாக்குப்பதிவு நடத்தினார்கள். தோற்றும் அவர் காட்டுக்குப் போகவில்லை.

குறை ஆயுதத்தில் இருந்தது. முகாமுக்கு வந்தவற்றில் பழசுதான் அதிகம். நல்லவை புதர்க்காட்டில் ஒளிந்திருந்தன. த்லகாமாவின் ஆயுதம் தாங்கிய காவலர்களும் கலையவில்லை. 2013-இல் அரசுப் படையோடு மீண்டும் மோதினார்கள். ரெனமோவின் கடைசித் தளம் மூடப்பட்டது 2023 ஜூனில்.