தோளும் கைக்குழியும்

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறேன். சாரி ஜாக்கெட், பள்ளிக்கூட யூனிஃபார்ம், பழைய உடுப்பைப் பிரித்துத் தைப்பது எல்லாம் வரும். தீபாவளி நெருங்கினால் ராத்திரி வரைக்கும் மெஷின் ஓடும். நான் திருநங்கை. வெளியே போக எப்படி உடுத்துவது என்று இளம் பிள்ளைகள் வந்து கேட்பார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது மேக்கப் குறிப்பு. எனக்குத் தெரிந்ததோ ஜாக்கெட்டின் தோளும், கையைப் பொருத்தும் கைக்குழியும்தான்.

எனக்குத் தைரியம் வந்தது கண்ணாடி முன்னால் நின்று அல்ல, அளவெடுத்து. தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் ஜாக்கெட் தைக்க வருவார்கள். தலையில் கயிறு மாட்டிக் கொழுந்துக் கூடை சுமந்து வளர்ந்த உடம்பு. தோள் அகலம், கை முறுக்கு, சிலருக்கு இடுப்பே இல்லை. என் அளவும் அவர்கள் அளவும் நோட்டுப் புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தால் எது யாருடையது என்று எனக்கே தெரியாது. "தங்கச்சி, தோள் பெருசா தெரியாம தச்சுக் குடு" என்று அவர்களும்தான் கேட்கிறார்கள். கழுத்தை 'வி'யாகக் கொஞ்சம் இறக்கி வெட்டுவேன். பஃப் கை வேண்டாம், முழங்கை வரை கை வைப்பேன். படகுக் கழுத்து தோளை இன்னும் விரித்துக் காட்டும், அந்தப் பக்கமே போகக்கூடாது. சாரிக்கு முன் கொசுவத்தை நிறைத்து வைத்தால் இடுப்பு தானாக வந்துவிடும். எனக்குத் தைப்பதும் இப்படித்தான்.

அப்புறம், குளிர். ஹட்டன் 1,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. கொழும்பு வெயிலில் கழுத்தைச் சுற்றிச் சால்வை போட்டால் பார்ப்பவர் கண்ணை உறுத்தும், இங்கே போடாதவளைத்தான் "ஏம்மா, குளிரலையா?" என்பார்கள். குரல்வளை மறைந்துவிடும். பொத்தானைப் போடாமல் ஸ்வெட்டரைத் திறந்துவிட்டால் உடம்பும் ஒடுங்கித் தெரியும். முகத்துக்கு நிறையப் பூசாதீர்கள், மழையும் பனியும் விடாது. சவரம் செய்த இடத்து நீலச் சாயலுக்கு மட்டும் ஃபவுண்டேஷனுக்கு அடியில் ஆரஞ்சு நிறம் துளி தேய்த்தால் அடங்கும். மேலே பவுடர், பொட்டு, சரி. செருப்புதான் தொல்லை. பெண்கள் செருப்பில் என் அளவு கிடைப்பதில்லை. ஆண்கள் பகுதியில் அலங்காரமில்லாத ஒன்றை வாங்கிக்கொள்வேன். சாரி விளிம்புக்குக் கீழே யார் பார்க்கிறார்கள்?

காலை பஸ்ஸில் வேலைக்குப் போகும் பெண்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று பாருங்கள், அதை உடுத்துங்கள். கல்யாண வீட்டுச் சாரியை ஏழு மணி பஸ்ஸில் கட்டினால் எந்தப் பெண்ணையும்தான் திரும்பிப் பார்ப்பார்கள். குடை, ஹேண்ட்பேக், சோற்றுப் பார்சல். கண்டக்டர் சிங்களத்தில் "நங்கி, இஸ்ஸரஹாட்ட யன்ன" (தங்கச்சி, முன்னால் போங்க) என்று எல்லாரையும் போல என்னையும் முன்னால் தள்ளுவார். எனக்கு அது போதும்.

கடையில் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. என் கையால் அளவெடுக்க விரும்பாத பெண்களும் உண்டு. டேப்பைப் பக்கத்து மெஷின் அக்காவிடம் கொடுத்துவிடுவேன். சண்டை பிடித்து என்ன, ஜாக்கெட்டை வெட்டப்போவது நான்தானே.

உடுப்பால் ஆகாத இடம் ஒன்று இருக்கிறது: அடையாள அட்டையைக் கேட்கும் இடம். பழைய பெயர், பழைய படம். ஓர் அலுவலகத்தில் ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தைக் காட்டித் தெருவில் நிற்கும் திருநங்கைகளைப் பொலிஸ் பிடித்த கதைகளும் நமக்குத் தெரியும். அதனால் சாரியோடு காகிதத்தையும் கவனியுங்கள். 2016இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, மனநல வைத்தியரிடம் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்றுப் பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம். அடையாள அட்டை அதற்குப் பிறகு. அது கைக்கு வரும்வரை அலுவலகங்களுக்குத் தனியாகப் போகாதீர்கள். காலையில் திறந்ததும் போய்விடுங்கள். கூட்டம் சேர்ந்த பிறகுதான் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள்.