மூன்றாவது ஆயுட்காலம்

அந்த வரியை எடுத்துவிடச் சொன்னது சரி என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஒளி பட்ட ஒரு தூள் ஒளிர்ந்து அடங்க எடுக்கும் நேரத்தை, அதாவது அதன் ஆயுட்காலத்தை, அளந்த என் மாணவிக்கு மூன்று எண்கள் கிடைத்திருந்தன. "மூன்றாவது ஆயுட்காலம் வேறொரு பளிங்கு வகைக்குரியது" என்று அறிக்கையில் எழுதியிருந்தாள். சமர்ப்பிக்கும் நாளும் நெருங்கிவிட்டது.

"பளிங்கு அமைப்பு தெரிய எக்ஸ் கதிர் எடுத்துப் பார்த்தீங்களா?"

"இல்லை சேர். ஆனா யூவி விளக்கில பிடிச்சுப் பார்த்தா சில மணிகள் செம்மஞ்சளா நிக்குது. மத்ததெல்லாம் மாறல்ல."

"அது போதாது."

"சரி சேர்."

தேயிலைத் தோட்டப் பாடசாலையிலிருந்து வரும் பிள்ளைகள் சேர் சொன்னால் மறுபேச்சுப் பேசுவதில்லை. நானும் அப்படி இருந்தவன்தான்.

அவள் அளந்த பொருள் சலிசிலிடீன் அனிலீன் என்ற சேதனச் சேர்வை. யூவி ஒளி பட்டதும் ஒட்சிசனிலிருக்கும் ஐதரசன் ஒரு பிக்கோ செக்கனுக்குள் (செக்கனில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) நைதரசனுக்குத் தாவிவிடும். ஈனோல் என்ற வடிவம் கீட்டோ என்ற வடிவமாகும். உறிஞ்சுவது யூவியை, வெளிவிடுவது அதைவிட வெகுதூரம் தள்ளிய மஞ்சள் பக்கத்து ஒளியை. அப்புறம் கீட்டோ ஒளிரலாம், அல்லது முறுக்கிக்கொண்டு ஒளிராமலே அடங்கலாம். முறுக்க எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைப் பளிங்கின் அடுக்கு தீர்மானிக்கும். 1960களிலேயே கோஹன், ஷ்மிட் என்ற இரசாயனவியலாளர்கள் இதைப் பிரித்துக் காட்டினார்கள்: தட்டையாக நெருங்கி அடுக்கியவை வெப்பத்தில் நிறம் மாறும், முறுக்கிய மூலக்கூறுகள் தளர்வாக நிற்பவை ஒளியில் மாறும். இந்தப் பொருளே இரு விதமாகவும் பளிங்காகும். ஆக, அவள் சொன்னது வெறும் ஊகமில்லை.

ஆனால் ஒளி தணியும் வளைகோட்டுக்குப் பொருத்தும் சமன்பாட்டில் அடுக்குக்குறி உறுப்பு ஒன்றை, அதாவது இன்னோர் ஆயுட்காலத்தை, கூட்டினால் பொருத்தத்தின் பிழையளவான கை வர்க்கம் (χ²) குறையத்தான் செய்யும். தூளில் குறைபாடுகளும் இருக்கும், ஒளிச் சிதறலும் இருக்கும். கண்டியின் ஹந்தானை மலைப் பக்கம் மழைக்காலத்தில் போத்தல் மூடி கொஞ்சம் தளர்ந்தாலும் ஈரம் புகும், மூலக்கூறின் இமீன் பிணைப்பு (காபன்-நைதரசன் இரட்டைப் பிணைப்பு) மெல்ல உடையும். இவற்றாலும் ஒரு மூன்றாவது எண் வரலாம். பேரில்லாத ஓர் எண்ணுக்குப் பேர் வைக்கும் அவசரம் எனக்குப் பிடிக்காது. அதனால்தான் சொன்னேன்.

அறிக்கையில் மூன்று எண்களும் இருந்தன, மூன்றாவதற்கு எதிரே கட்டம் வெறுமையாக. பரீட்சகர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் செம்மஞ்சள் மணிகளைப் பற்றிச் சொல்லியிருப்பாளா? அதைக் கவனித்தது அவள் கண். நான் அந்தத் தூளை விளக்கில் பிடித்தே பார்க்கவில்லை. பார்ப்பது என் வேலையா, அவள் வேலையா?

இந்த வருடம் ஒரு பையன் வந்தான். வேறு பொருள், அதே மாதிரி ஒரு மூன்றாவது எண். முக்கால் மணித்தியாலம் வாதாடினான். "இருக்கலாம் என்று போட்டு எழுதுங்க" என்றேன். அவனிடமும் எக்ஸ் கதிர்ப் படம் இல்லை.