இரண்டாம் அதிகாரத்தையும் வாசியும்

நம் பழைய மாணவர் சங்கம் தொடங்கி முப்பது ஆண்டுகள் நிறைவதையொட்டி வெளிவரும் இம்மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க்குழுவினர் கேட்டபோது, விடுதிச் சாப்பாட்டையோ இல்லப் போட்டியையோ பற்றி வழக்கம்போல நான்கு பக்கம் எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். அதற்குள் வேதபாட மாஸ்டர் காலமான செய்தி வந்துவிட்டது. நல்லடக்க ஆராதனையை நம்மில் பலர் கைத்தொலைபேசியில் நேரலையாகப் பார்த்தோம். அதன் கீழே குவிந்த அனுதாபச் செய்திகளில் வேதாகமத்தின் இஸ்ரவேல் அரசனை நினைத்து எழுதப்பட்ட ‘சாலொமோனைப் போன்ற ஞானி’ என்ற தொடர் திரும்பத் திரும்ப வந்தது. மாஸ்டர் அதை வாசித்திருந்தால், எந்த அதிகாரத்துச் சாலொமோன் என்று கேட்டிருப்பார்.

அவருடைய பெயரை இங்கே எழுதவேண்டிய அவசியமில்லை. கறுப்புக் குடையையும், அட்டை கழன்று நூலால் கட்டப்பட்ட வேதாகமத்தையும் சொன்னாலே போதும். நம் கல்லூரியில் படித்த சைவப் பிள்ளைகள் பலருக்கு எபிரேய வேதத்தின் அரசர்களைத் தெரிந்திருப்பதற்கு அவர் ஒருவரே காரணம். அவர் யாரையும் மதம் மாற்ற முயன்றதாக நினைவில்லை. மேலிடத்திலிருப்பவன் ஞானத்தை எங்கே, எப்படிக் கேட்கிறான் என்ற ஒரு கேள்வியையே ஆண்டுதோறும் வெவ்வேறு வாசல்களால் கொண்டுவந்து நம் முன்னால் வைத்தார்.

என் விடயத்தில் அந்தக் கேள்வி சபையறிய வந்து சேர்ந்தது. 1979ஆம் ஆண்டு தை மாதத்துச் சின்னம் சூட்டும் வைபவம் அது. சிரேட்ட மாணவ தலைவனாகத் தெரிவானவன் மேடையேறி, இராஜாக்களின் முதலாம் புத்தகம் மூன்றாம் அதிகாரத்தில் உள்ள கிபியோன் விண்ணப்பத்தை வாசிப்பது அப்போதைய மரபு என்பது உங்களுக்குத் தெரியும். நெற்றியில் திருநீற்றோடு நானும் ஏறி வாசித்தேன். ‘நீ விரும்புகிறதை என்னிடத்தில் கேள்’ என்று கனவில் தோன்றிய கடவுள் சொல்ல, தான் ‘போக்குவரவு அறியாத சிறுபிள்ளை’ என்று இளம் அரசன் சாலொமோன் பணிந்து, நீண்ட ஆயுளையோ செல்வத்தையோ பகைவரின் உயிரையோ கேளாமல், மக்களுக்கு நீதி வழங்கத்தக்க ஞானமுள்ள இருதயத்தைக் கேட்கும் அந்தப் பகுதியை ஏற்ற இறக்கத்தோடு வாசித்து முடித்து, நானும் அதையே கேட்பதாகச் சொந்தமாக இரண்டு வசனங்களும் சேர்த்துக்கொண்டேன். கைதட்டல் கிடைத்தது. அது ஓய்ந்ததும் மேடையின் பின்வரிசையிலிருந்து மாஸ்டர் எழுந்தார்.

“தம்பி, நல்லாய் வாசிச்சீர். ஒரு அதிகாரம் முன்னுக்குத் திருப்பி, இரண்டாம் அதிகாரத்தையும் வாசியும்.”

அந்த அதிகாரத்தில் நாற்பத்தாறு வசனங்கள் உள்ளன. மரணப் படுக்கையில் தாவீது அரசன் மகன் சாலொமோனிடம் பழைய கணக்குகளை ஒப்படைப்பதில் அது தொடங்குகிறது. அரியணைக்கு ஆசைப்பட்ட அண்ணன் அதோனியா, தாவீதை முதுமையில் பராமரித்த அபிஷாகைத் தனக்கு மனைவியாகத் தரும்படி கேட்டதற்காகக் கொல்லப்படுகிறான். ஆசாரியன் அபியத்தார் ஆனதோத்துக்குத் துரத்தப்படுகிறான். படைத்தலைவன் யோவாப் பலிபீடத்தின் கொம்புகளைப் பிடித்துக்கொண்டு வெளியே வர மறுக்க, அரசன் அனுப்பிய பெனாயா உள்ளே போய் அங்கேயே அவனை வெட்டுகிறான். கடைசியாக, தாவீதை முன்னொருநாள் சபித்த சீமேயி. முதல் பாடத்துக்கான மணி அடித்தது. அதிபர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொரு கொலைக்கும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். இராச்சியம் சாலொமோனின் கையிலே ஸ்திரப்பட்டது என்ற கடைசி வசனத்துக்கு வரும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. “அடுத்த பக்கத்திலை சிறுபிள்ளை எண்டு சொல்லுறவர் இவர்தான். சரி, இரும்” என்றார் மாஸ்டர்.

கூறைச்சேலை உடுத்துக்கொண்டு பெற்றோர் வரிசையில் வந்திருந்த அம்மா, வீட்டுக்குப் போகும் வழியில், “ஏன் ராசா, ஒரு நல்ல நாளிலை இவ்வளவு பேரைக் கொண்ட கதையை உன்னைக்கொண்டு வாசிப்பிச்சவர்?” என்று கேட்டார். எனக்கும் மறுமொழி தெரியவில்லை.

மறுநாள் நூலக விறாந்தையில் மாஸ்டர் என்னை மறித்தார். முதல்நாள் நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் நேரே விடயத்துக்கு வந்தார். இரண்டாம் அதிகாரத்தின் ஒன்பதாம் வசனத்தில், சீமேயியை என்ன செய்யவேண்டும் என்று அறிவதற்கு நீ போதிய புத்திமான் என்று தாவீது மகனிடம் சொல்கிறார். ஆகவே புத்திக்குக் குறைவில்லை. அரியணையைக் காப்பாற்றிக்கொள்ளப் போதுமான அளவு அது இருந்தது. அப்படிப்பட்டவன் பிறகு எதற்காகக் கிபியோனுக்குப் போனான் என்பது அவர் கேள்வி. மூன்றாம் அதிகாரத்தின் இரண்டாம் பாதியை வாசித்துவிட்டு வரும்படி சொன்னார். எல்லோரும் அறிந்த கதைதான்: ஒரு வீட்டில் வாழ்ந்த இரண்டு வேசிகள், உயிரோடிருக்கும் ஒரே குழந்தைக்காக அரசன் முன்னால் வழக்காடுகிறார்கள். அவர்களுக்குப் பெயரில்லை, சாட்சியில்லை, அவர்களால் அரசனுக்கு ஆகவேண்டியதும் ஒன்றுமில்லை. ஞானம் வேண்டுமென்ற வேண்டுதல் கேட்கப்பட்டதற்கு எபிரேய ஆசிரியன் காட்டும் முதல் அத்தாட்சி, ஆலயமோ பொன்னோ வருவதற்கு முன்னால், அப்படிப்பட்ட இருவர் சொல்வதை அரசன் கடைசிவரை கேட்டான் என்பதே. அரியணையைக் காக்கும் புத்தியோடு அவன் நின்றிருந்தால் அந்த இரு பெண்களும் வாயிற்காவலனைத் தாண்டியிருக்கமாட்டார்கள் என்பார் மாஸ்டர்.

கிபியோன் மீது அவருக்கு ஒரு தனிப்பித்து இருந்தது. எருசலேமுக்கு வடமேற்கே, யாழ்ப்பாணத்திலிருந்து சுன்னாகம் போகும் தூரத்தில் உள்ள ஊர் என்று கரும்பலகையில் கீறிக் காட்டுவார். 1956ஆம் ஆண்டு தொடக்கம் ஜேம்ஸ் பிரிச்சார்ட் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் அல்ஜிப் என்னும் கிராமத்தில் அகழ்ந்தபோது, கிபியோன் என்ற பெயர் எபிரேய எழுத்தில் பொறித்த சாடிக் கைப்பிடிகள் கிடைத்த செய்தியை எங்கோ வெட்டி எடுத்து வேதாகமத்துக்குள் வைத்திருந்தார். அதே ஊரார்தான் யோசுவாவின் காலத்தில் பூசணம் பிடித்த அப்பத்தையும் தேய்ந்த பாதரட்சைகளையும் காட்டித் தூரதேசத்தார் போல நடித்து உடன்படிக்கை செய்துகொண்டவர்கள். இஸ்ரவேலின் தலைவர்கள் அப்பத்தை ஆராய்ந்தார்கள். கர்த்தருடைய வாக்கைக் கேட்கவில்லை. முன்னோர் கேளாமல் ஏமாந்த ஊராரின் மேட்டிலேயே ஓர் அரசன் போய்க் கேட்டான் என்பதில் மாஸ்டருக்கு அளவற்ற மகிழ்ச்சி.

அந்த மகிழ்ச்சியை அவர் நெடுநேரம் நீடிக்க விடுவதில்லை. ஐந்தாம் அதிகாரத்தில் கட்டாய வேலைக்குப் பிடிக்கப்பட்ட முப்பதினாயிரம் அமஞ்சி ஆட்கள் வந்துவிடுவார்கள். மாதத்துக்குப் பதினாயிரம் பேராக முறைவைத்து, ஒரு மாதம் லீபனோனிலும் இரண்டு மாதம் வீட்டிலுமாக அவர்கள் வேலைசெய்யவேண்டும்; சுமைகாரர் எழுபதினாயிரம், மலையில் கல்வெட்டுவோர் எண்பதினாயிரம். ஆலயத்துக்கு ஏழு ஆண்டுகள், தன் அரண்மனைக்குப் பதின்மூன்று. மூவாயிரம் நீதிமொழிகளையும் ஆயிரத்தைந்து பாட்டுகளையும் சொன்னவன் என்று புகழும் அதே புத்தகமே இந்தக் கணக்குகளையும் வைத்திருக்கிறது. வாங்கிய மரத்துக்கும் பொன்னுக்குமாகக் கலிலேயாவில் இருபது ஊர்களைத் தீருவின் அரசன் ஈராமுக்குக் கொடுத்ததையும், ஈராம் போய்ப் பார்த்து முகம் சுளித்ததையும் அது மறைக்கவில்லை. பரீட்சைக்கு இதெல்லாம் வராது என்று யாராவது முணுமுணுத்தால், “பரீட்சைக்கு வராதது வாழ்க்கையிலை வரும்” என்று சொல்லும் ஆசிரியர் வகையைச் சேர்ந்தவரல்லர் அவர். “வரும், ஐந்து புள்ளிக்கு” என்பார். வந்துமிருக்கிறது.

எனக்கு அன்று கிடைத்த தண்டனையை, தண்டனை என்று சொல்லலாமோ தெரியாது, பின்னாளில் மாணவ தலைவர்களாயிருந்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். உபாகமம் பதினேழாம் அதிகாரத்தில் பதினான்காம் வசனம் முதல் இருபதாம் வசனம் வரை ஒரு கொப்பியில் எழுதிவரவேண்டும். அந்த ஏழு வசனங்களும் இனி வரப்போகும் அரசனுக்கான சட்டம்: அவன் குதிரைகளைப் பெருக்கக்கூடாது, அதற்காக மக்களை எகிப்துக்குத் திருப்பி அனுப்பக்கூடாது, மனைவியரையும் வெள்ளி பொன்னையும் மிகுதியாகச் சேர்க்கக்கூடாது, சிங்காசனத்தில் அமர்ந்ததும், ஆசாரியரிடமிருக்கும் நியாயப்பிரமாணத்தைப் பார்த்துத் தனக்காக ஒரு பிரதி எழுதி, உயிரோடிருக்கும் நாளெல்லாம் அதை வாசிக்கவேண்டும், தன் சகோதரர்மேல் அவன் இருதயம் உயர்ந்துவிடக்கூடாது. நான் எழுதிக்கொண்டுபோன கொப்பியை மாஸ்டர் திறந்தும் பார்க்கவில்லை. பத்தாம், பதினோராம் அதிகாரங்களை அதற்குப் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொன்னார். எகிப்திலிருந்து குதிரைகள், ஆயிரத்து நானூறு இரதங்கள், ஆண்டுக்கு அறுநூற்று அறுபத்தாறு தாலந்து பொன், எழுநூறு மனைவியர், முந்நூறு மறுமனையாட்டிகள். சட்டத்தைத் தலைகீழாக்கி ஒரு பட்டியல் எழுதியது போலிருந்தது. கிபியோனில் ஒருமுறையும் ஆலயம் முடிந்தபின் இன்னொருமுறையுமாக இரண்டுமுறை கடவுள் அவனுக்குத் தரிசனமானார் என்று, கோபத்தோடு எழுதுமிடத்தில்கூட அந்த ஆசிரியன் மறவாமல் நினைவூட்டுகிறான். முதல் தரிசனத்தில் அரசன் கேட்கிறான். அதற்குப் பிறகு ஆலயப் பிரதிஷ்டையில் எல்லோருக்காகவும் நீளமாக மன்றாடுகிறான். இன்னதை எப்படிச் செய்யட்டும் என்று தனக்காக வழி கேட்டதாகப் புத்தகத்தில் இல்லை. ஞானம் ஒருதரம் வாங்கி வைத்துக்கொள்ளும் பொருளாகிவிட்டது என்பது மாஸ்டரின் தீர்ப்பு. நாற்பது ஆண்டு ஆட்சியை அந்த ஒரே தீர்ப்பில் அடக்குவது சற்று அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் மறுப்பதற்கு என்னிடம் வசனம் இல்லை.

சாலொமோனின் மகன் ரெகொபெயாமின் கதையை அவர் விரைந்து முடித்துவிடுவார். சீகேமில் மக்கள் சுமையைக் குறைக்கும்படி கேட்கிறார்கள்; மூன்று நாள் தவணை; முதியோர் ஒன்று சொல்ல, கூடவளர்ந்த வாலிபர் வேறொன்று சொல்ல, மகன் வாலிபரின் பேச்சைக் கேட்டு, தந்தை சாட்டையால் தண்டித்தார், நான் தேள்களால் தண்டிப்பேன் என்கிறான். இராச்சியம் உடைகிறது, கட்டாய வேலைக்குப் பொறுப்பாயிருந்த அதோராமைக் கல்லெறிந்து கொல்கிறார்கள். அந்த மூன்று நாளில் அவன் கடவுளிடம் மட்டும் கேட்கவில்லை என்று நாங்களே சொல்லும்வரை மாஸ்டர் வகுப்பைக் கலைக்கமாட்டார்.

இந்த நாட்டில் நம் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டம் ஒவ்வொன்றும் சாலொமோனுக்கு அருளிய ஞானத்தை எமக்கும் தாரும் என்ற பிரார்த்தனையோடுதான் ஆரம்பமாகிறது. அரை மணித்தியாலத்துக்குள் சங்க விதிகளான யாப்பின் எட்டாம் பிரிவுக்கு வந்துவிடுகிறோம். அதற்குப் பிறகு நடப்பது இரண்டாம் அதிகாரம், பெனாயா ஒருவன்தான் குறை. ஆனால் மலரில் அதை யாரும் எழுதுவதில்லை. இதே அரசனின் கதையை நாளாகமப் புத்தகமும் சொல்கிறது. அதில் அதோனியாவின் கொலையும் இல்லை, எழுநூறு மனைவியரும் இல்லை. நம் மலர்கள் யாவும் நாளாகமங்கள். எங்களுக்குப் பாடம் சொன்னவரோ இராஜாக்களின் புத்தகத்துக்காரர்.

1986ஆம் ஆண்டு நான் வெளிக்கிட்டேன். சாலொமோன் கேளாமல் விட்ட மூன்றில் முதல் இரண்டை, நீண்ட ஆயுளையும் செல்வத்தையும், குடிவரவுப் படிவத்தில் வேறு சொற்களில் கேட்டு எழுதினேன். இரண்டும் ஓரளவு கிடைத்தன. மூன்றாவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஊரில் எல்லாப் பக்கமும் இருந்தார்கள். 1995 ஒக்டோபரில் போரால் வலிகாமமே பெயர்ந்தபோது மாஸ்டரும் குடையோடு தென்மராட்சிக்கு நடந்தார். அடுத்த ஆண்டு திரும்பிவந்து, கூரை போன வகுப்பறையில் பாடம் தொடங்கினார். போக இடமில்லாமல் திரும்பியவரல்லர். மகள் இருந்த நாட்டிலிருந்து அழைப்பு வந்து கிடந்தது.

அதன்பின் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உயர்தரத்துக்குப் பௌதிகம் படிப்பிக்க ஆளில்லை. ஓர் ஆண்டுக்காவது வரமுடியுமா என்று கேட்டிருந்தார். சாலொமோனுக்குத் தப்பி எகிப்துக்குப் போய் அந்நாட்டு அரசன் சீஷாக்கிடம் இருந்து, பின்னால் உடைந்த இராச்சியத்தின் ஒரு பகுதிக்கு அரசனான யெரொபெயாம்கூட, ஆள் அனுப்பி அழைத்தபோது வந்தான் என்று கடைசியில் ஒரு வரி. பிள்ளைகளின் படிப்பையும் வீட்டுக் கடனையும் விவரித்துவிட்டு, வந்தவன் பெத்தேலிலும் தாணிலும் பொன் கன்றுக்குட்டிகளையல்லவா நிறுத்தினான் என்று நான் வேடிக்கையாக எழுதினேன். இரண்டு மாதத்தில் மறுமொழி வந்தது. கன்றுக்குட்டி வந்தது அவன் திரும்பி வந்ததால் அல்ல. மக்கள் எருசலேமுக்குப் போனால் தன்னை விட்டுவிடுவார்கள் என்று பயந்து, கடவுளைக் கேளாமல் தானே யோசனை பண்ணியதால். பன்னிரண்டாம் அதிகாரத்தைத் திரும்ப வாசியும், தம்பி.

வாசித்தேன், அவர் சொன்னது சரியாகவே இருந்தது. பதிலாக, ஆய்வுகூடத்துக்கென்று ஒரு காசோலையை அனுப்பிவைத்தேன். கல்லூரி அலுவலகத்திலிருந்து முறைப்படி பற்றுச்சீட்டு வந்தது. அதற்குப் பிறகு மாஸ்டர் எனக்கு நத்தார் வாழ்த்து மட்டுமே அனுப்பினார்.