யுஎச்டி 620இல் ஜிடிஏ 5: முதலில் ரேம், பிறகு சூடு, கடைசியில்தான் செட்டிங்

மெஷின் ஐ5-8250யூ என்ற ப்ரொசெசர் (சிபியு) போட்ட லெப்டொப். கிராபிக்ஸ் தனியாக இல்லை, சிப்புக்குள் இருக்கும் இன்டெல் யுஎச்டி 620தான். ரேம் 2400 வேக டிடிஆர்4, 8 ஜிபி, ஒரே கார்ட். திரை 1366×768. கேம் ஜிடிஏ 5, பழைய லெகசி பதிப்பு. 2025 மார்ச்சில் வந்த என்ஹான்ஸ்ட் பதிப்பு இந்த கிராபிக்ஸுக்கு உரியதல்ல, அதை இறக்கி டேட்டாவை வீணாக்க வேண்டாம். எல்லாம் நோர்மலில் வைத்தும் நகரத்துக்குள் ஃப்ரேம் செக்கனுக்கு 25ஐச் சுற்றித்தான் நின்றது.

எதையும் மாற்றுவதற்கு முன் எது மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று பார்க்க வேண்டும். விண்டோஸின் டாஸ்க் மனேஜரில் ஜிபியு (கிராபிக்ஸ் பகுதி) 95 வீதத்துக்கு மேல் நின்றால் கிராபிக்ஸ்தான் முட்டுகிறது. ஜிபியு 60இல் இருந்துகொண்டு கேம் திக்கினால் குற்றவாளி வேறு. சார்ஜரையும் இப்போதே பாருங்கள். சில லெப்டொப்கள் தங்கள் சார்ஜரை அடையாளம் காணாவிட்டால் சிபியுவை 800 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழே கட்டிப்போட்டுவிடும். வேறு சார்ஜர் வாங்கி மாட்டிய பிறகு கேம் படுத்தது என்றால் கிராபிக்ஸைத் திட்டிப் பயனில்லை.

இங்கே ஜிபியு முழுசாக நிறைந்திருந்தது. அதே டாஸ்க் மனேஜரின் மெமரி பக்கத்தில் இரண்டு ஸ்லொட்டில் ஒன்றுதான் பாவனையில் என்று காட்டியது. வேலை இங்கேதான் இருக்கிறது. யுஎச்டி 620க்குச் சொந்த மெமரி கிடையாது, சிபியு பாவிக்கும் ரேமிலேயே அதுவும் எடுக்கும். ஒரு கார்ட் 64 பிட் அகலம். 2400 வேகத்தில் அது செக்கனுக்கு 19.2 ஜிபி, சோடியாகப் போட்டால் 38.4. அதாவது ரேம் கூடுவதை விட வழி அகலமாவதுதான் பலன்.

வாங்கும்போது லெப்டொப்புக்கான எஸ்ஓ-டிம் டிடிஆர்4, 1.2 வோல்ட் என்று கேளுங்கள். டிடிஆர்3யின் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஏறாது. 3200 வேகக் கார்ட் கிடைத்தாலும் வாங்கலாம், இந்தச் சிப்பில் அது 2400இல் ஓடும். 8 ஜிபியோடு 4 ஜிபி போட்டால் நாலும் நாலும் சோடியாகும், மிச்ச 4 தனியாக நிற்கும். கைக்காசு குறைவென்றால் அதுவும் பரவாயில்லை. பூட்டும்போது முதலில் பட்டரி வயரைக் கழற்றவும். கார்டைச் சரிவாகச் செருகி, அமத்தி, இரண்டு பக்கக் கிளிப்பும் 'டிக்' என்று விழுகிறதா பார்க்கவும். கல்லடி, நாவலடிப் பக்கம் கடலோர வீடுகளில் உப்புக்காற்று பட்டுப் பழைய கார்டின் பித்தளை நிறப் பற்கள் மங்கியிருக்கும். ஐசோபுரோபைல் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட்டுப் பூட்டினால், திரை கறுப்பாகவே நிற்கும் தொல்லை பாதி குறையும். கடைசியில் சிபியு-இசட் என்ற மென்பொருளின் மெமரி பக்கத்தில் சேனல் 'டுவல்' என்றோ, புதிய பதிப்பில் '2 x 64-bit' என்றோ வந்தால் சரி. அதே இடத்தில், அதே செட்டிங்கில் ஃப்ரேம் 35ஐ ஒட்டி வந்தது.

பயோஸில் (விண்டோஸுக்கு முன் திறக்கும் செட்டிங் பக்கம்) கிராபிக்ஸ் மெமரியை 64 எம்பியிலிருந்து 256 ஆக்குவது, விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் எண்ணை மாற்றுவது போன்ற வீடியோக்கள் நிறைய உலாவுகின்றன. விண்டோஸ் தேவைக்கேற்ப மொத்த ரேமில் பாதி வரை கிராபிக்ஸுக்குத் தானே கொடுக்கும். திறக்கும்போதே மெமரி அளவைச் சோதித்து மறுக்கும் கேமுக்கு பயோஸ் மாற்றம் உதவலாம், வேகத்துக்கு அல்ல. ரெஜிஸ்ட்ரி எண் வெறும் எண்.

அடுத்தது சூடு. 35 வந்த ஃப்ரேம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி சரிந்தது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மட்டக்களப்பில் அறையே கொதிக்கும், அந்தக் காற்றைத்தான் ஃபேனும் இழுக்கிறது. வெளியிலிருந்து ஊதுவது சரிவராது. பஞ்சு ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் பாய்போல் படிந்திருக்கும், ஊதினால் இன்னும் இறுகும். ஃபேனைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். கழற்றிய பிறகு மிச்சத் தூசியை ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளவும், சுழலவிட்டால் பெயரிங் கெடும். சிப்பின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் ஆணிகளுக்கு அருகில் 1, 2, 3, 4 என்று போட்டிருக்கும். பூட்டும்போது அந்த வரிசை, கழற்றும்போது எதிர் வரிசை. சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் பூசும் தேர்மல் பேஸ்ட் சிப்பின் முகம் முழுக்க மெல்லிசாக இருந்தால் போதும்.

அதற்குப் பிறகும் 15 வொட் என்ற எல்லை இருக்கிறது. சிபியுவும் ஜிபியுவும் அந்த ஒரே 15ஐத்தான் பங்குபோடுகின்றன. சிபியு டேர்போவில் (தானே வேகத்தைக் கூட்டும் முறை) 3.4 கிகாஹேர்ட்ஸுக்குப் பாயும்போது ஜிபியு தன் 1100 மெகாஹேர்ட்ஸிலிருந்து இறங்கிவிடும். பவர் ஒப்ஷனில் 'மெக்சிமம் ப்ரொசெசர் ஸ்டேட்'டை 99 ஆக்கினால் டேர்போ நின்று, மிஞ்சும் வொட் ஜிபியுவுக்குப் போகும். முதல் நிமிடங்களின் உச்சம் குறையும், ஆனால் அரை மணி கழித்தும் அதே ஃப்ரேம் நிற்கும். எனக்கு இந்தப் பேரம் பிடிக்கும். சிபியுவையே தின்னும் கேம்களில் மட்டும் இது எதிராக வேலைசெய்யும்.

இனித்தான் செட்டிங். ஓரங்களின் பல்லை மழுப்பும் எம்எஸ்ஏஏ முழுக்க ஓஃப், அது மெமரி வழியை அடைக்கும். புல், நிழல், பிரதிபலிப்பு மூன்றும் நோர்மல். 'பொப்பியுலேஷன் டென்சிட்டி' (தெருவில் ஆட்களின் நெரிசல்) சிபியு சுமை, டேர்போவை நிறுத்தியவர்கள் அதைப் பாதிக்குக் கீழே வைக்கவும். ரெசொல்யூஷனை 1280×720க்கு இறக்கினால் பிக்சல் 12 வீதம்தான் குறையும், எழுத்தெல்லாம் மங்கும். 1366×768ஐ விட்டுவிட்டு காட்சியை மட்டும் சிறிதாக வரைந்து பெருப்பிக்கும் 'ஃப்ரேம் ஸ்கேலிங் மோட்'டை முக்கால் ஆக்கியது அதைவிட நல்லது. கடைசியாக ரிவாடியூனர் என்ற மென்பொருளில் ஃப்ரேமை 30க்குக் கட்டியாயிற்று. 60 ஹேர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக 33.3 மில்லி செக்கன் நிற்கும், ஆடி ஆடி வரும் 38ஐ விட அது கண்ணுக்கு வழவழப்பு.

கல்முனை, அக்கரைப்பற்றுக் கடைகளில் பாவித்த ஒபிஸ் டெஸ்க்டொப் வாங்கி, அதில் சின்ன கிராபிக்ஸ் கார்ட் போட நினைப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்ட் உண்டு. ஜிடிடிஆர்5 உள்ளது செக்கனுக்கு 48 ஜிபி, 30 வொட், தனிப் பவர் வயர் தேவையில்லை. டிடிஆர்4 உள்ளது 16.8 ஜிபி, மேலே சொன்ன லெப்டொப்பின் ஒற்றை ரேம் கார்டை விடவும் குறைவு. பெட்டியின் ஸ்டிக்கரை வாசிக்காமல் காசு கொடுக்க வேண்டாம்.