பழைய டெஸ்க்டொப்பில் விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ்

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. திருகோணமலை உவர்மலை வீட்டில் இருக்கும் டெஸ்க்டொப் ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரம், 480 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் பட்டியல் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. மெஷின் நன்றாக ஓடுகிறது, தூக்கிப் போட மனமில்லை. விண்டோஸை முழுதாக அழிக்கவும் வழியில்லை. அக்கா ஆசிரியை. வருடக்கணக்கான வினாத்தாள்கள் அதில்தான் கிடக்கின்றன, எல்லாம் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் பழைய பாமினி எழுத்துருவில். ஆகவே விண்டோஸ் இருக்கிற இடத்திலேயே இருக்க, பக்கத்தில் லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவதென்று முடிவு. அந்தத் தொடருக்கு 2029 வரை ஆதரவு உண்டு.

"தம்பி, என்ட பேப்பர் ஒண்டும் அழியாதுதானே?" என்று அக்கா கேட்டா. முதலில் எல்லாவற்றையும் ஒரு வெளி ஹாட் டிஸ்க்கில் பிரதி எடுத்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

மருமகன் தன் லப்டொப்புக்காகச் செய்து வைத்திருந்த மின்ட் பென் டிரைவைத் தந்தான். குத்தினேன், பூட் ஆனது, மேசைத்திரை வந்தது. நிறுவியைத் திறந்து கொஞ்சத் தூரம் போனதும் ஓர் எச்சரிக்கை வந்தது: நிறுவி யூஇஎஃப்ஐ முறையில் (கணினியைத் தொடக்கும் புதிய வழி) தொடங்கியிருக்கிறது, ஆனால் இந்தக் கணினியில் ஏற்கெனவே உள்ள இயங்குதளம் பழைய பயோஸ் முறையில் நிறுவப்பட்டது போலத் தெரிகிறது, தொடர்ந்தால் பிறகு அதைப் பூட் செய்வது கடினமாகலாம் என்று. இந்தச் செய்தியை எழுதியவருக்கு ஒரு கும்பிடு போடலாம். தொடரவா, திரும்பிப் போகவா என்று கேட்கும்போது பலர் தொடர் என்பதை அழுத்திவிடுவார்கள். அப்படிச் செய்தால் லினக்ஸ் ஏறும், விண்டோஸும் அழியாது, ஆனால் இரண்டும் ஒரே மெனுவில் வராது. ஒவ்வொரு தடவையும் பயோஸுக்குள் போய் முறையை மாற்ற வேண்டும். அக்காவுக்கு அது சரிவராது.

திரும்பிப் போனேன். விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தைத் திறந்தால் பயோஸ் மோட் என்ற வரி இருக்கும். இங்கே லெகசி, அதாவது பழைய பயோஸ் முறை, என்று இருந்தது. வட்டு எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டது என்பதும் அதோடு விளங்கிவிட்டது. லினக்ஸ் பக்கத்தில் இதையே பார்க்க, சிஸ் ஃபோல்டருக்குள் ஃபேர்ம்வெயார், அதற்குள் இஎஃப்ஐ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா எனத் தேடினால் போதும். இருந்தால் யூஇஎஃப்ஐ, இல்லாவிட்டால் லெகசி. எந்த இரண்டாவது இயங்குதளத்தையும் தொடுவதற்கு முன் இந்த ஒன்றைப் பார்ப்பதுதான் முக்கியம் என்பேன். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பாதி இதைச் சொல்லாமலே வட்டைப் பார்ட்டிஷன்களாகப் பிரிக்கப் போய்விடுகின்றன.

யூஇஎஃப்ஐக்கு ஏற்ற ஜிபிடி முறைக்கு வட்டையே மாற்றிவிடலாமே என்றுதான் முதலில் யோசித்தேன். விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து அதற்கென்றே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி கூடவே வருகிறது. மாற்றுவதற்கு முன் சரிபார்க்கும் வசதியும் உண்டு. சரிபார்த்தபோது முடியாது என்றது. காரணம் இந்த வட்டின் பழைய அமைப்பு. எம்பிஆரில் நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்தான் இருக்க முடியும். இங்கே சிஸ்டம் ரிசர்வ்ட், சி, ரிக்கவரி என்று மூன்று போக, நான்காவது எக்ஸ்டெண்டட், லொஜிக்கல் என்ற சிறு பிரிவுகளை உள்ளே அடக்கும் வகை. அதற்குள்தான் டி, இ இரண்டும் லொஜிக்கலாக இருந்தன. எக்ஸ்டெண்டட் இருந்தால் அந்தக் கருவி தொடவே தொடாது. எங்கள் பக்கத்தில் எந்தக் கடையில் விண்டோஸ் போட்டாலும் சி, டி, இ என்று மூன்றாகப் பிரித்துத் தருவது ஒரு வழக்கம், யாரும் கேட்காமலே. பழைய மெஷின் வைத்திருக்கும் பலருக்கும் இதே நிலைதான் இருக்கும்.

சரி, லெகசியிலேயே போவோம். ஆனால் பூட் மெனுவில் பென் டிரைவ் யூஇஎஃப்ஐ என்ற பெயரோடு மட்டும் வந்தது, லெகசி வரிசையில் வரவேயில்லை. மருமகனின் லப்டொப் புதியது, அதற்கேற்ப பென் டிரைவில் எழுதும் ரூஃபஸ் மென்பொருளில் ஜிபிடி என்று தெரிவு செய்து எழுதியிருக்கிறான். அப்படி எழுதினால் யூஇஎஃப்ஐயில் மட்டுமே பூட் ஆகும். அதே ஐஎஸ்ஓவை, அதாவது மின்ட்டின் நிறுவல் கோப்பை, எட்சர் என்ற இன்னொரு மென்பொருளில் திரும்ப எழுதினேன். மின்ட் ஐஎஸ்ஓ இரண்டு முறைக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது, எட்சர் அதை உள்ளபடியே எழுதிவிடும். இப்போது மெனுவில் பென் இரண்டு தடவை வந்தது. யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டு இல்லாததைத் தெரிவு செய்தேன், எச்சரிக்கை போய்விட்டது.

இடம் ஒதுக்குவதற்கு இருந்த வழிகளில் டியைச் சுருக்குவது ஒன்று. எனக்கு அது பிடிக்கவில்லை. சுருக்கும்போது தரவு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகரலாம், நடுவில் கரண்ட் போனால் கோப்புகள் கோவிந்தா. எங்கள் யூபிஎஸ் பற்றரி பழசு, சில நிமிடம்தான் தாங்கும். இ டிரைவில் இருந்தது கொஞ்சம் படங்கள் மட்டுமே. அவற்றை டிக்கு மாற்றிவிட்டு, விண்டோஸின் டிஸ்க் மனேஜ்மென்டில் இயை அழித்தேன். எக்ஸ்டெண்டட்டுக்குள் ஏறக்குறைய 100 ஜிபி வெற்றிடம் கிடைத்தது. மின்ட் குறைந்தது 20 ஜிபி கேட்கும், 100 இருந்தால் நல்லது என்று அவர்களே சொல்கிறார்கள்.

நிறுவியில் தானாகப் பிரிக்கும் வழியை விட்டுவிட்டு, கடைசியில் இருக்கும் சம்திங் எல்ஸ் என்பதைத் தெரிவு செய்தேன். வெற்றிடத்தில் ஒரு லொஜிக்கல் பார்ட்டிஷன், வகை லினக்ஸுக்கான ஈஎக்ஸ்டி4, மவுண்ட் பொயின்ட் (அது எங்கே இணையும் என்பது) ஒற்றைச் சாய்கோடு. ரம் போதாதபோது உதவும் ஸ்வொப்புக்குத் தனிப் பார்ட்டிஷன் தேவையில்லை, மின்ட் ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளும். கீழே, இயங்குதளத்தைத் தொடக்கும் பூட் லோடர் எங்கே போக வேண்டும் என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் முழு வட்டைக் குறிக்கும் எண் இல்லாத எஸ்டிஏ இருக்க வேண்டும், முதல் பார்ட்டிஷனான எஸ்டிஏ1 அல்ல. பயோஸ் முதலில் படிப்பது முழு வட்டின் முதல் 512 பைட்டை. அதில் நிரலுக்கென்று 446 பைட்தான் இடம், மின்ட்டின் பூட் லோடரான குரப் அதில் தன் தலையை மட்டும் வைத்துவிட்டு மிச்சத்தை முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் உள்ள வெற்றிடத்தில் வைக்கும். எஸ்டிஏ1 என்று கொடுத்தால் இந்த ஒழுங்கு நடக்காது.

மீண்டும் தொடங்கியதும் குரப் மெனு வந்தது, மின்ட்டும் விண்டோஸும் ஒன்றன்கீழ் ஒன்றாக. சில லினக்ஸ் வகைகளில் விண்டோஸ் வரி வராமல் போகலாம். குரப் 2.06இலிருந்து மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ் புரோபர் இயல்பாக நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதுதான் காரணம். குரப்பின் அமைப்புக் கோப்பில் அதைத் திறந்துவிட்டு, குரப்பைப் புதுப்பித்தால் வரி வந்துவிடும்.

பிறகு டி டிரைவ். மின்ட்டிலிருந்து திறக்க முடிந்தது, ஆனால் எதையும் சேமிக்க முடியவில்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து இருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் குற்றவாளி. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் போகிறது, அதன் வட்டுகளும் பாதி மூடிய நிலையில் இருக்கும். அந்த நிலையில் எழுதினால் தரவு குழம்பும் என்பதால் லினக்ஸ் படிக்க மட்டும் விடுகிறது. கண்ட்ரோல் பேனலில் பவர் ஒப்ஷன்ஸுக்குள் போய் அந்தச் சரிக்குறியை எடுத்ததும் தீர்ந்தது.

எல்லாவற்றையும் விட நேரம்தான் சுவாரசியம். மின்ட்டில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் மத்தியானம் 12 மணிக்குக் காலை 6.30 காட்டியது. பிரதான வீதிக் கடைத் தம்பியிடம் சொன்னபோது, "சிமொஸ் பற்றரி போயிருக்கும் அண்ணா, மாத்திப் பாருங்கோ" என்றான். மதர்போட் கடிகாரத்தை ஓட்டும் அந்தப் பற்றரி போயிருந்தால் திகதியும் சேர்ந்தே பல வருடம் பின்னால் போகும். இது அப்படியில்லை, மிகச் சரியாக ஐந்தரை மணி வித்தியாசம். அங்கேதான் விடையும் இருந்தது. மதர்போட் கடிகாரத்தில் உள்ளதை விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுக்கிறது, லினக்ஸ் யூடிசி என்ற உலகப் பொது நேரமாக எடுக்கிறது. இலங்கை நேரம் யூடிசிக்கு ஐந்தரை மணி முன்னால்.

1996இல் அரசாங்கம் கடிகாரத்தை முன்னே நகர்த்திய பிறகு, புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே நடந்தது. 2006இல் நாடு மறுபடி ஐந்தரைக்கு வரும்வரை "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்டுத்தான் எதற்கும் புறப்பட வேண்டும். ஒரே பெட்டிக்குள் அதே கூத்து. மின்ட்டில் டைம்டேட்சிடிஎல் கட்டளையால் மதர்போட் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கச் சொன்னேன். கோடைக்கு ஒரு நேரம், குளிருக்கு ஒரு நேரம் என்று மாற்றும் நாடுகளில் இது சிக்கல் தரும், எங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

வைஃபை டொங்கிளை மின்ட் அடையாளம் காணவில்லை. இப்போதைக்கு ஃபோனை யூஎஸ்பியில் குத்தி டெதரிங் போட்டு ஓடுகிறது. வேறு கேர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஒன்று போட்டுப் பார்க்க வேண்டும்.

அக்காவின் வினாத்தாள்களை மின்ட்டோடு வரும் லிப்ரெ ஒஃபிஸில் திறந்தபோது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் வந்தன. பாமினி எழுத்துருவைப் பிரதி செய்து போட்டதும் தமிழ் வந்துவிட்டது. அட்டவணைகள் மட்டும் சில இடங்களில் கொஞ்சம் விலகி நிற்கின்றன. அச்சடிக்கும் நாட்களில் அக்கா இன்னும் விண்டோஸ் வரியைத்தான் அழுத்துகிறா.