49.9 மெகாவாட் ஏன்?

இங்கிலாந்தின் சூரிய மின் திட்டங்களைப் புரட்டினால் 49.9 மெகாவாட் என்ற எண் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். 2025 இறுதி வரை, 2008 திட்டமிடல் சட்டப்படி 50-ஐத் தாண்டினால் உள்ளூர் மன்றம் அனுமதி தர முடியாமல் இருந்தது, அமைச்சரிடம்தான் போக வேண்டியிருந்தது. விண்ணப்பத்தை ஏற்க 28 நாள், விசாரணைக்கு 6 மாதம், பரிந்துரைக்கு 3, முடிவுக்கு 3. முன்கூட்டிய கலந்தாய்வு தனி.

2025 டிசம்பர் 31 முதல் வரம்பு 100 மெகாவாட். வர வேண்டிய மாற்றம்தான். நிலமும் கிரிட் இணைப்பும் இருந்தும் திட்டங்களைச் சுருக்க வைத்தது பழைய எண்.

பலர் இடறுவது அளவீட்டில். கணக்கில் வருவது பேனல்களின் டிசி (நேர் மின்னோட்டம்) கூட்டுத்தொகை அல்ல, அதை மாற்றி இன்வெர்ட்டர் தரும் ஏசி (மாறு மின்னோட்டம்) திறன். 130 மெகாவாட் பேனல் போட்டு, இன்வெர்ட்டர்கள் மொத்தம் 99.9 என்றால் மன்றமே முடிவெடுக்கும். ஆனால் கூடுதல் பேனல் எதற்கென்று விண்ணப்பத்திலேயே காரணம் காட்டுங்கள்.